நாலாவது ஐட்டம்

எண்பதுகளின் நடுவில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழக்கூழ் ஃபாக்டரியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். மாம்பழ சீசனில் மாம்பழத்தையும் மற்ற மாதங்களில் தக்காளியையும் கூழாக்கி டப்பாவில் அடைத்து அனுப்புகிற இடம். தோல் சீவவும் கொட்டை எடுக்கவும் அறுபது பெண்கள் இருந்தார்கள். என்னையும் சேர்த்தால் அறுபத்தொன்று. எங்கள் அறுபத்தொரு பேருக்கும் அங்கே கக்கூஸ் கிடையாது.

இந்த வார்த்தையை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் நாலு படித்த ஆண்கள் இரண்டு சீசனை ஓட்டினார்கள். நானாவது சொல்லிவிடுகிறேன்.

ஆண் தொழிலாளர்களுக்குப் பிரச்சினை இல்லை. பாய்லருக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது, அவர்களுக்குச் சுவர் போதும். ஆபீசர்களுக்கு மேனேஜர் ரூமை ஒட்டி உள்ளேயே ஒன்று இருந்தது. அதற்கு நான் போக வேண்டுமானால் மேனேஜரின் மேசையைத் தாண்டி, அவர் நிமிர்ந்து பார்க்க, கதவைத் திறந்து உள்ளே போய், திரும்ப அவர் நிமிர்ந்து பார்க்க வெளியே வரவேண்டும். அதற்குச் செத்துப்போகலாம் என்று இருபத்து மூன்று வயதில் நினைத்தேன். பெண்கள் பின் கேட் வழியாக ஓடைக்குப் போவார்கள். அங்கே வேலிக்காத்தான் புதர் அடர்த்தியாக இருந்தது. தக்காளி மாதங்களில் அது ஓரளவு நடந்தது. மாம்பழ சீசன் வந்தால் பழ லாரிகள் ஓடைக்கரை நெடுக வரிசையாக நின்றுவிடும். ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் ஒரு டிரைவர் படுத்திருப்பார், இல்லையென்றால் சோறு பொங்கிக்கொண்டிருப்பார். இருட்டுகிற வரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை.

அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஆவி அடிக்கிற ஹாலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டு, நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. நான் தர்மபுரியில் ஏழரை மணி பஸ் ஏறினால் திரும்ப வீட்டுக்குப் போக ஏழு ஆகிவிடும். மாதம் தவறாமல் நீர்க்கடுப்பு வந்தது. லேடி டாக்டரிடம் போனால், "நிறையத் தண்ணி குடிங்க" என்றார். "குடிச்சுட்டு?" என்று கேட்டேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த விஷயத்தை முதலில் எடுத்தது சீவுகிற மேசையில் இருந்த ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். ஃபாக்டரியிலிருந்து இரண்டு மைலில் ஊர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மற்றவர்கள் ஒரு பழம் சீவுவதற்குள் அவர் இரண்டு சீவிவிடுவார். ஒரு நாள் மத்தியானம் என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"டைப்பம்மா, மேனேஜருங்ககூட உக்காந்து எழுதறது நீங்கதானே. இந்தப் பொம்பளைங்க பாடு என்னான்னு ஒரு வார்த்த போட்டு வைங்க."

"சொல்றேங்க்கா" என்றேன். சொன்னேன், மேனேஜரிடம். எப்படிச் சொன்னேன் என்பது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "சார், லேடீஸ்க்கு ஒரு... வசதி..." என்றேன். அவர் காது மடல் சிவந்துபோய், "அஜெண்டால போட்டுக்கம்மா, கடைசியில" என்றார். அப்படித்தான் மாதாந்திரக் கூட்டத்தில் அது நாலாவது ஐட்டம் ஆனது. ஒன்று உற்பத்தி, இரண்டு மெஷின், மூன்று சரக்கு, நாலு நாங்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளி மெட்ராஸில் இருந்தார். மாதம் ஒரு சனிக்கிழமை நாலு ஆபீசர்களும் உட்கார்ந்து பேசி, என்ன முடிவானது என்று மினிட்ஸ் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு அவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. அவர் பச்சை மையில் டிக் போட்டுத் திருப்பி அனுப்புவார். பச்சை டிக் விழுந்துவிட்டால் அது சட்டம். கூட்டத்தில் குறிப்பெடுப்பதும் டைப் அடிப்பதும் என் வேலை.

மேனேஜர் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது. அவர் தனியாக முடிவெடுக்கும் முறை இதுதான். ஒரு கடிதம் வந்தால் படித்துவிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுவார். பதினைந்து நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். அதைப் பற்றி யாரும் திரும்பக் கேட்கவில்லை என்றால் அது தேவையில்லாத கடிதம், கிழித்துப் போடலாம். யாராவது கேட்டிருந்தால் அது வில்லங்கமான கடிதம், இன்னும் பதினைந்து நாள் இருக்கட்டும். உடனே ஒன்றை முடிவு செய்தே தீர வேண்டும் என்று வந்துவிட்டால், டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்த பல்லியிடம் போய்விடும் விவகாரம். "இந்தத் தடவ பெங்களூர் பார்ட்டிக்கே குடுத்துடலாமா..." என்று அவர் இழுக்கும்போது பல்லி சத்தம் போட்டால், மேசையை மூன்று தட்டுத் தட்டி "குடுத்துடலாம்" என்பார். அந்த ஃபாக்டரியில் சொன்ன சொல் மாறாத ஆபீசர் பல்லி ஒன்றுதான்.

புரொடக்‌ஷன் ஆபீசருக்குக் குரல்தான் முடிவு. எந்தப் பேச்சாக இருந்தாலும் முதலில் கத்திவிடுவார். பாதி நாள் எந்தப் பக்கத்துக்காகக் கத்துகிறோம் என்பது அவருக்கே மறந்துபோகும். இஞ்சினியர் சேலத்துக்காரர். எதைக் கேட்டாலும் "டெக்னிக்கலா முடியும், பிராக்டிகலா கஷ்டம்" என்பார். மறுநாள் அதையே கேட்டால் "பிராக்டிகலா முடியும், டெக்னிக்கலா கஷ்டம்" என்பார். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் தர்மபுரி டவுனில் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாய். வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார். மற்ற மூன்று பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். கடைசியில், "நாலு பேரு சொன்னா சரிதாங்க" என்பார். அவரைச் சேர்த்தே நாலு பேர்தான்.

ஒருமுறை தொப்பூர் கணவாயில் எங்கள் சரக்கு லாரி கவிழ்ந்துவிட்டது. மாற்று லாரி அனுப்புவதா, அதையே தூக்கி நிறுத்துவதா என்று நாலு பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டு டீ, ஒரு தட்டு பஜ்ஜி. முடிவுக்கு வருகிற நேரத்தில், கட்டுப் போட்ட கையோடு டிரைவரே பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். சரக்கை வேறு லாரியில் ஏற்றி அவரே அனுப்பிவிட்டு வந்திருந்தார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது என்று மினிட்ஸில் போடச் சொன்னார்கள்.

நாலாவது ஐட்டம் முதல்முறை வந்தபோது நான் பென்சிலைச் சீவிக்கொண்டு ஆவலாக உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அந்த விஷயத்தைப் பேசுவது மரியாதை இல்லையாம். அந்த அறையில் அந்த விஷயம் தேவைப்பட்ட ஒரே ஆள் நான். என்னை வெளியே அனுப்பிவிட்டு, தேவைப்படாத நாலு பேரும் பேச ஆரம்பித்தார்கள்.

மரியாதை எல்லாம் பார்வைக்குத்தான். அந்த அறைக்கும் வெளி வராந்தாவுக்கும் நடுவில் இருந்தது பிளைவுட் தடுப்பு, கூரை வரைக்கும் எட்டாது. உள்ளே தும்மினால் எனக்குக் கேட்கும்.

"அந்த மேட்டர் எங்க போடறது?" இது மேனேஜர். கக்கூஸ் என்ற சொல்லை அவர்கள் தங்களுக்குள்கூடச் சொல்லவில்லை. "வடகிழக்கு வேண்டாங்க, ஈசானி மூலை. அங்க போட்டா ஃபாக்டரியே வெளங்காது."

"தென்கிழக்குல பாய்லர் இருக்குதுங்க சார். டெக்னிக்கலா முடியும்..." என்று இஞ்சினியர் ஆரம்பித்தார்.

"வடமேக்கால பழம் எறக்கற எடம்!" என்று புரொடக்‌ஷன் ஆபீசர் கத்தினார். "அந்த நாத்தத்துக்கு ஏஜெண்டு ஒருத்தனும் வரமாட்டான்!"

"தென்மேற்குல என் குவார்ட்டர்ஸு" என்றார் மேனேஜர், கொஞ்சம் மெதுவாக. "காத்து அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வருது."

ஒரு ஃபாக்டரிக்கு நாலு மூலை. நாலும் முடிந்தது. அப்போது பாய் குரல் கேட்டது. "ஸ்டோருக்கு மேக்கால கொஞ்சம் எடம் சும்மாதாங்க கெடக்குது." அவர் சொன்னது எனக்குத் தடுப்பைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. உள்ளே இருந்த மூன்று பேருக்கும் கேட்கவில்லை. அவர் கடைசியாகப் பேசுகிறவர், நடுவில் பேசினால் யாருக்கும் காது பழகியிருக்கவில்லை.

"அதெல்லாம் கட்டிட்டா அப்புறம் பொழுதுக்கும் அங்கதான் நிப்பாளுங்க" என்றார் புரொடக்‌ஷன் ஆபீசர். "தோலு யாரு சீவறது?"

 டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். "ஐட்டம் ஃபோர், டெஃபர்டுன்னு போட்டுக்கம்மா" என்றார் இஞ்சினியர். அதாவது, தள்ளிவைத்தாயிற்று. அடுத்த மாதம் அதையே மேனேஜர் சொன்னார். அதற்கடுத்த மாதம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிற போக்கில் புரொடக்‌ஷன் ஆபீசர் சொன்னார். யார் வாயில் வருகிறதோ அவர் சொல்வார், நான் அடித்துக் கொடுப்பேன். யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. மேனேஜர் கொசுவை அடிப்பது போல ஒரு வீச்சு வீசுவார். அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற மூன்று பேரும் போடுவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்தேன். வெட்கத்தை எல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்து கேட்டேன். மேனேஜர், "எனக்கு ஒன்னும் ஆட்சேபணை இல்லம்மா, இஞ்சினியர்தான்..." என்றார். இஞ்சினியர், "நான் நாளைக்கே கட்டிடுவேன், புரொடக்‌ஷன்தான் விடமாட்டேங்கறார்" என்றார். புரொடக்‌ஷன் ஆபீசருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவர் குரலைத் தாழ்த்தி, "பாவம்தாம்மா. மேனேஜர் வாயத் தெறக்கட்டும்" என்றார். பாய், "நாலு பேரு சொன்னா சரிதாங்கம்மா" என்றார். தனியாக இருக்கும்போது நாலு பேரும் மனிதர்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான். ஒவ்வொரு ஆண்டியும் மற்ற ஆண்டி தடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு முடிவெடுக்கவே தெரியாது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அதே வருஷம் மழைக்காலத்தில், ஸ்கூட்டர்கள் நனைகின்றன என்று ஒரு ஷெட் போடும் பேச்சு வந்தது. நாலு பேரிடமும் ஸ்கூட்டர் இருந்தது. பத்து நிமிஷத்தில் முடிவு. ஒரு வாரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை. ஈசானி மூலையில்தான் போட்டார்கள். வாகனத்துக்கு ஈசானி நல்லதாம்.

அடுத்த சீசன் வந்தது. மே மாத வெயில். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்காவும் இன்னொரு பெண்ணும் ஓடைக்குப் போயிருக்கிறார்கள். கரை முழுக்க லாரி. மறைவு தேடி ரொம்ப தூரம் கீழே இறங்கிப் போயிருக்கிறார்கள். திரும்புவதற்குள் சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதி ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாராவது வந்தால், அன்றைக்கு வேலை இல்லை என்று புரொடக்‌ஷன் ஆபீசர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அக்கா ஓடி வந்திருக்கிறார். கரை மண் சரிந்து கல்லில் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பழம் இறக்கிவிட்டுப் போன ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினோம். அக்கா அழவில்லை. தெலுங்கில் புரொடக்‌ஷன் ஆபீசரின் பரம்பரையை ஒரு முறை சுற்றி வந்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனால் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகத்தான் கூடும், நின்று வேலை பார்ப்பது இனி முடியாது என்று செய்தி வந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் முதல் ஐட்டமான உற்பத்தியிலேயே விபத்தையும் சேர்த்துவிட்டார்கள். அதற்கு என்னை வெளியே அனுப்பவில்லை. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. "சம்பவம் காம்பவுண்டுக்கு வெளியே நடந்தது. நிர்வாகத்துக்குப் பொறுப்பில்லை." ஒருமனதான முடிவு. காம்பவுண்டுக்கு உள்ளே ஒன்று இருந்திருந்தால் அவர் ஏன் வெளியே போகப்போகிறார் என்று நாலு பேரில் ஒருவராவது கேட்பார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாய் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் டைப்ரைட்டரைத் தூக்கி மேசை நடுவில் போட்டிருப்பேன், அத்தனை கனம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

நாலாவது ஐட்டம் வந்தது. "அம்மா, நீங்க கொஞ்சம்..."

வெளியே வந்து தடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பேசாம பின் கேட்ட பூட்டிட்டா என்னங்க?" என்றார் புரொடக்‌ஷன் ஆபீசர். "வெளிய போனாத்தானே விழுவாங்க?"

 பிறகு மேனேஜர், "அதுவும் ஒரு வழிதான்" என்றார். இஞ்சினியர், டெக்னிக்கலாகவும் பிராக்டிகலாகவும் முடியும் என்றார். அவர் இரண்டையும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று பேச்சு போனது. வாட்ச்மேனிடமா, ஸ்டோரிலா, மேனேஜர் டிராயரிலா.  இவர்கள் செய்துவிடுவார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று ஒத்துப்போய்விட்டால் அடுத்த மாதமே செய்துவிடுவார்கள்.

சாவிப் பேச்சு முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றதும் நாலு பேரும் விசிறிக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் ஸ்கூட்டருக்கு, ஒருவர் குவார்ட்டர்ஸுக்கு, ஒருவர் ஹாலுக்கு, பாய் தொழுகைக்கு. நாலாவதற்கு என்ன போடுவது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

நான் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நாலு காகிதம், நடுவில் மூன்று கார்பன். முதல் மூன்று ஐட்டத்தையும் அடித்தேன். நாலாவதற்கு இப்படி அடித்தேன்: "பெண் தொழிலாளர்களுக்கு நாலு கழிப்பறைகள், தண்ணீர்க் குழாயுடன், ஸ்டோருக்கு மேற்கே இம்மாதத்துக்குள் கட்டி முடிக்கப்படும். பொறுப்பு: இஞ்சினியர்." இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கோபம் வந்தால் எனக்குத் தப்பு வராது. திங்கட்கிழமை காலையில் டீயோடு சேர்த்துக் காகிதத்தையும் நீட்டினேன். மேனேஜர் வீசினார். அதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். பாய் மட்டும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். படித்தார் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"டைப்பு நல்லா அடிக்கறீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தபாலில் போட்டுவிட்டு வந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். எட்டாம் நாள் மெட்ராஸிலிருந்து காகிதம் திரும்பி வந்தது. நாலாவது ஐட்டத்துக்கு எதிரே பச்சை டிக். அதற்கும் மேலே, பச்சை மையில் முதலாளியின் கையெழுத்து: "நல்லது. முடிந்ததும் எனக்குத் தெரிவிக்கவும்."

மேனேஜர் அதை மூன்று முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது யாரும்மா சொன்னது?"

"மீட்டிங் மினிட்ஸ்தானுங்க சார்."

"யாரு சொன்னாங்க உங்ககிட்ட?"

"நான் வெளியதானே சார் இருந்தேன்" என்றேன். "நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் தன் கையெழுத்தை யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல அவரால் முடியாது. டியூப்லைட்டைப் பார்த்தார். பல்லி எந்தப் பக்கமும் சேரவில்லை. கடைசியில் இஞ்சினியரைக் கூப்பிட்டு அனுப்பினார். யார் முடிவு செய்தது என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால், கூட்டத்தில் என்ன நடந்தது என்று மேனேஜருக்கே தெரியாது என்றாகிவிடும். அதனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அந்த நாலாம் நம்பர் வேலை என்னாச்சு?" என்றார்.

இஞ்சினியர் காகிதத்தைப் பார்த்தார், தன் பெயருக்கு எதிரே 'பொறுப்பு' இருந்ததைப் பார்த்தார், பச்சை மையைப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சுங்க சார்" என்றார். அப்படியே வெளியே போய், ஒரு மண்வெட்டியைத் தேடிக்கொண்டு அரை ஓட்டமாக ஸ்டோர் பக்கம் போனார்.

மூன்று வாரத்தில் கட்டி முடித்துவிட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் அந்தக் கட்டடத்துக்கு மூன்று தகப்பன்மார் கிளம்பினார்கள். "நான்தாம்மா அன்னைக்கு அடிச்சுச் சொன்னேன்" என்று புரொடக்‌ஷன் ஆபீசர் என்னிடமே சொன்னார். மேனேஜர் நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழாவும் வைத்தார். கதவுக்கு மாவிலை, கற்பூரம், தேங்காய். நாலு ஆபீசர்களும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலில் வரிசையாக நின்று, "போங்கம்மா, போங்க" என்றார்கள். பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு எதிரே நின்றோம். நாலு ஆண்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எவள் முதலில் உள்ளே போவாள்? கால் மணி நேரம் இரண்டு பக்கமும் அப்படியே நின்றோம். பாய்தான் கடைசியில், "டீ ஆறுதுங்க" என்று மூன்று பேரையும் ஓட்டிக்கொண்டு போனார். அவர்கள் முதுகு மறைந்ததும் கதவுகள் நாலும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன. அன்றைக்கு மத்தியானம் ஃபாக்டரிக் குழாயில் தண்ணீர் பிடித்து நான் ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன். சந்தோஷத்தில் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் ஊருக்குப் போனேன். பஸ் இறங்கி ஒரு மைல் நடை. வேப்பமரத்தடியில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். பக்கத்தில் ஒரு தடி சாய்த்து வைத்திருந்தது. நான் கட்டில் முனையில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். பிளைவுட் தடுப்பு, கரண்ட் போனது, பச்சை மை, மண்வெட்டி, மாவிலை. புரொடக்‌ஷன் ஆபீசர் மாதிரி கத்தியும் காட்டினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை நாள் கழித்து அவர் கேட்டதைச் செய்துவிட்டேன் என்று இருந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, அந்த ஒத்த வரிதான் அடிச்சியா?"

"ஒத்த வரிதாங்க்கா. ரெண்டு நிமிஷம்கூட ஆவல."

"அப்ப போன வருசமே அடிச்சிருக்கலாமில்ல?"

வெறுமனே கேட்டார். குத்திக்காட்டவில்லை. "தோணலீங்க்கா" என்றேன்.

அது பொய். போன சீசனிலேயே தோன்றியிருக்கிறது. அப்போதும் ஒரு கூட்டத்தில் இதே போல யாரும் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள். இதே வரியை அடித்தும்விட்டேன். பிறகு மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும் என்று பயந்து காகிதத்தை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, டெஃபர்டு என்று புதிதாக அடித்தேன். நாலு ஆண்களைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் கால் முறிந்ததில் அவர்களோடு ஐந்தாவதாக எனக்கும் பங்கு உண்டு. இதை அக்காவிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு தடியை எட்டி எடுத்தார்.

"செரி, வந்ததே வந்த. மருமவ கொல்லையில களை எடுத்துட்டு வர்றதுக்கு நேரமாவும். என்னைய கொஞ்சம் அந்தக் கரும்புத் தோட்டம் வரைக்கும் கூட்டிட்டுப் போயேன். காலையிலேர்ந்து அடக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்தக் கால வெச்சுக்கிட்டு ஒண்டியா குந்த முடியல."

அவர் வீட்டிலும் கிடையாது. அந்த ஊரிலேயே யார் வீட்டிலும் கிடையாது. அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இது நிஜமாகவே தோன்றவில்லை. அவர் கை என் தோள்மேல் இருக்க, வரப்பில் ஒரு அடி ஒரு அடியாகப் போனோம். கோணல் கால் மண்ணில் பதியும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். கரும்புக்குள் கொஞ்ச தூரம் போனதும், அவர் உட்கார்ந்து எழுந்திருக்கிற வரைக்கும் இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.